மீன் இன்னும் சாகலையா?

பழைய டயர் கிடங்கு வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. வரிசையில் நின்ற பாதிப் பேர் கையில் செத்த மீன். ஒருவர் பாலிதீன் பையில் வைத்திருந்தார், ஒருவர் டிபன் டப்பாவில், ஒருவர் குழந்தையின் செருப்புப் பெட்டியில். எழவு வீட்டுக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முகத்திலும் கல்யாணக் களை சொட்டியது!

"உங்களுது எப்ப செத்துச்சு?"

"நேத்து சாயங்காலம். பதினெட்டே நாள்!"

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க. எங்களுது இருபத்தாறு நாள் இழுத்தடிச்சுது, பாவி."

வங்கி மேனேஜர் ஒருவர் வாங்கிய மீன், வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே செத்துவிட்டதாம். அந்தப் புண்ணியவானைத் தொட்டுப் பார்க்கத் தனி வரிசை நின்றது.

விஷயம் இதுதான். உங்களுக்கு ஒரு கண்டம் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது, உள்ளே உட்கார்ந்திருக்கும் மீனய்யாவுக்குத் தெரியும். அவரிடம் ஓர் அரோவானா வாங்க வேண்டும். வளர்ந்தால் ஒரு கை நீளம் வருகிற வேட்டை மீன் அது. அவரே உருட்டித் தரும் உருண்டையை மூன்று வேளையும் போட வேண்டும். வியாதிக்குச் சிவப்பு, வேலைக்கு மஞ்சள், கோர்ட்டு வழக்குக்குப் பச்சை. நாற்பது நாளைக்குத் தொட்டித் தண்ணீரை மாற்றவே கூடாது. மாற்றினால் கண்டம் கலங்கி வீடு முழுக்கப் பரவிவிடும். மீன் செத்தால் உங்கள் கண்டத்தை அது வாங்கிக்கொண்டது, நீங்கள் பிழைத்தீர்கள் என்று அர்த்தம். அடுத்த கண்டத்துக்கு அடுத்த மீன்.

மீன் செத்த மறுவாரமே ஒருவர் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டார். "தலைக்கு வந்தது காலோட போச்சுன்னு சந்தோஷப்படு" என்றார் மீனய்யா. அந்த மனிதர் நொண்டிக்கொண்டே போய் இன்னொரு மீன் வாங்கினார்!

கிடங்கின் நடுவில் எட்டடித் தொட்டியில் ஒரு பெரிய மீன் மட்டும் சாகாமல் உலாவியது. அதற்குப் பெயர் மூத்தவர். எட்டு வயசு. ஊரார் கண்டத்தையெல்லாம் தாங்கியும் செதில் ஒன்றுகூட உதிராதவர். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாராவது கேட்டால், "காத்து. அப்புறம் என் பார்வை" என்பார் மீனய்யா. கூட்டம் பெருமூச்சு விடும்.

இந்தப் பெருமையையெல்லாம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் நம் பிரெஸ்காரர். "மீன் செத்தால் நீங்கள் பிழைத்தீர்கள்!" என்று கொட்டை எழுத்தில் ஐயாயிரம் பிரதி அடித்தார். பிழை திருத்த நாலு தடவை படித்தார். நாலாவது தடவை நம்பிவிட்டார். தான் அடித்த நோட்டீஸில் தானே விழுந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

காகிதக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கத்தி என்ற வார்த்தையைக் கேட்டதுமே மனிதருக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள்.

"மீனய்யாகிட்ட கேக்காம கத்தி வெச்சுக்காதடா தம்பி. கண்டம் கழிஞ்சப்புறம் எவன் வேணா வெட்டட்டும்."

கூடத்தில் தொட்டி வந்தது. ஒரு சாண் நீள அரோவானா வந்தது. ஒரு டப்பா சிவப்பு உருண்டையும் வந்தது.

பிரெஸ்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சர்க்கரைக்காரருக்கு எந்தத் தட்டு, சிறுநீரகம் கெட்டவருக்கு எந்தத் தட்டு, பல் போனவருக்கு எந்தத் தட்டு என்று பிரித்து அனுப்புகிறவள். தட்டக்கா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். தப்பான வாயில் தப்பான சாப்பாடு போவதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அந்த வாய் மீன் வாயாக இருந்தாலும் சரி.

நாலாம் நாள் மீனின் வயிறு உப்பியிருந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. தட்டக்கா ஓர் உருண்டையை விரலில் நசுக்கி மோந்து பார்த்தாள். கோழிக்கொழுப்பு, ரொட்டித்தூள், சர்க்கரை, சிவப்புச் சாயம். 'இதை மனுஷனுக்குப் போட்டாலே மூணு மாசத்துல நம்ம வார்டுக்கு வந்துடுவானே!' என்று நினைத்தாள். வேலை முடிந்து வரும் வழியில் மீன் தொட்டிக் கடையில் நுழைந்தாள்.

கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இது வேட்டை மீனும்மா. கொழுப்பு இதுக்குச் செரிக்காது, ஈரல் போயிடும். ரொட்டியும் சர்க்கரையும் எந்த மீன் கேட்டுச்சு? இறால் குடுங்க, முள்ளு எடுத்த மீன் துண்டு குடுங்க, மிதக்கிற தீவனம் குடுங்க. ஒண்ணையே தினம் போடாம மாத்தி மாத்திப் போடுங்க."

"சின்ன மீனை உயிரோட விட்டா?"

"அதோட நோயையும் சேத்து முழுங்கும். வேண்டாம். வாரம் ஒரு நாள் ஒண்ணும் போடாதீங்க, வயிறு ஓயட்டும். வாரா வாரம் கால்வாசித் தண்ணியை மாத்துங்க."

தட்டக்காவுக்கு இது புதுசா? புது நோயாளி, புதுத் தட்டு, அவ்வளவுதான். புருஷன் பிரெஸ்ஸுக்குப் போனதும் இறாலை உரித்துப் போட்டாள், தண்ணீரை மாற்றினாள். சிவப்பு உருண்டைகள் சாக்கடைக்குப் போயின. வீட்டில் எவனுக்குக் கண்டம் கழிந்ததோ இல்லையோ, சாக்கடைக்கு மூன்று வேளையும் கழிந்தது. நாற்பது நாள் கணக்கு முடிந்ததும் மனிதர் ஆபரேஷனுக்குக் கிளம்பிவிடுவார் என்று அவள் நினைத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் மீன் பளபளவென்று துள்ளியது. பிரெஸ்காரர் தொட்டி முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மீன் சாகாம நான் எப்படிம்மா போறது? அது சாகலைன்னா, அதுக்குப் பதிலா சாகப்போறது நான்தானே!"

தட்டக்கா, மீனுக்கு நல்லது செய்யப் போய்ப் புருஷனுக்கு உலை வைத்துவிட்டோமே என்று தவித்துப்போனாள்.

செய்தி தெருவெல்லாம் பரவியது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மீன் இன்னும் சாகலையா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கடிதம் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் பிரெஸ்காரரிடம் இரவல் வாங்கிய ஏணியை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார். போகிறவனிடம் எதற்குப் பாக்கி! நாத்தனார் தினமும் வந்து தொட்டியைத் தட்டிப் பார்த்து, "திமிர் பிடிச்ச மீனு" என்று திட்டிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மத்தியானம் பிரெஸ்காரர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் அட்டை. அவருடைய படம், அவருடைய வயது. தேதி மட்டும் காலி.

"பிழை இருக்கான்னு பாரும்மா. கடைசி நேரத்துல வேற எவன்கிட்டயாவது குடுத்தா எழுத்தைக் கோணலா அடிச்சுடுவான்."

"உங்க புத்திதாங்க கோணல்!" என்று கத்தினாள் தட்டக்கா. கத்தினாளே தவிர, அந்தக் காலித் தேதியிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. காலையில்தான் டாக்டர் அவளை வராந்தாவில் நிறுத்தி, "இன்னும் தள்ளிப்போட்டா குடல் சிக்கிக்கும். சிக்கிட்டா சில மணி நேரம்தான் டைம். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க" என்று எச்சரித்திருந்தார்.

அவள் ஒரு சிவப்பு உருண்டையை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள். இது சாகட்டும், அவர் பிழைக்கட்டும். நாலு நாள் இதைப் போட்டு, தண்ணீரை மாற்றாமல் விட்டால் தீர்ந்தது கதை. மீன் அவள் கையைப் பார்த்ததும் மேலே வந்து வாயைத் திறந்தது. சாப்பாடு போடுகிறவள் என்ற நம்பிக்கை அதற்கு. தட்டக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு இதைக் கொன்றால் ஆபரேஷனுக்குப் போவார். நாளைக்குப் பல் வலிக்கும், அதற்கொரு மீன் வரும். எத்தனை மீனைக் கொல்வது? கொல்ல வேண்டியது மீனையா? உருண்டையை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட வாளியில் மீனையும் கையில் உருண்டை டப்பாவையும் எடுத்துக்கொண்டு, புருஷனையும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். கூட்டம் நெரிந்தது. வாளி மூடியைத் திறந்து காட்டினாள். மீனய்யா எட்டிப் பார்த்தார். கொழுகொழுவென்று இருந்த மீனைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். இருந்தாலும் தொழில்காரர் அல்லவா!

"பெரிய கண்டம்! சின்ன மீனு திணறுது. இன்னும் பெரிய மீன் ஒண்ணு வாங்கிட்டுப் போ. உருண்டையை இரட்டிப்பா போடு."

தட்டக்கா பணிவாகச் சொன்னாள். "பெரிய மீன்தான் இங்கயே இருக்கே ஐயா! ஆயிரம் பேர் கண்டத்தைத் தாங்கினவர் மூத்தவர். எங்க வீட்டுக்காரர் உருண்டை ஒண்ணே ஒண்ணை அவர் சாப்பிடட்டும். இப்பவே கண்டம் தீந்துடும்."

மீனய்யாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "மூத்தவர் காத்தைத் தவிர எதையும் தொடமாட்டார்."

"ஆயிரம் கண்டம் தாங்கினவரை ஒரு உருண்டை என்ன ஐயா பண்ணிடும்?"

கூட்டம் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? நாத்தனார்தான் முதலில் ஆரம்பித்தாள். "அதானே! மூத்தவர் சாப்பிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடுமே! இத்தனை நாள் நமக்கு ஏன் தோணலை?" மேனேஜர் தன் டப்பாவிலிருந்து மஞ்சள் உருண்டையை எடுத்தார். கோர்ட்டு வழக்குக்காரர் பச்சையை எடுத்தார். நொண்டிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் தாவி முன்னால் வந்தார். அறுபது கை, அறுபது உருண்டை, எல்லாம் எட்டடித் தொட்டியை நோக்கி நீண்டன. பக்தி முற்றினால் யாரால் தடுக்க முடியும்?

மீனய்யா நாற்காலியிலிருந்து பாய்ந்தார். தொட்டியின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அலறினார்.

"போடாதீங்கடா! கொழுப்புடா அது! தின்னா செத்துடும்டா! எட்டு வருஷமா இறாலும் மீன் துண்டும் போட்டுப் புள்ளை மாதிரி வளத்திருக்கேன்! வாரம் தவறாம தண்ணி மாத்தறேன்! கையை எடுங்கடா பாவிகளா!"

அறுபது கையும் அப்படியே நின்றன. தான் என்ன சொன்னோம் என்று மீனய்யாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப எங்க மீனெல்லாம்?" என்றார் மேனேஜர்.

மீனய்யா தட்டக்காவின் வாளியை வெறித்துப் பார்த்தார். "நீ இதுக்கு என்ன போட்டே?"

"நீங்க உங்க மீனுக்கு என்ன போடறீங்களோ, அதையேதான்" என்றாள் தட்டக்கா.

பிரெஸ்காரர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்குக் கண்டம்?"

"உங்க வயித்துல இருக்கு. டாக்டர் விரல் வெச்சுக் காட்டலையா? வாங்க போகலாம்."

வாளியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தவரை, "அதையும் தூக்கிக் குடலை இன்னும் கீழ இறக்குங்க!" என்று அதட்டி, தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மேனேஜர் கூப்பிட்ட போலீஸ் வரும்வரை மீனய்யா ஓடக்கூட இல்லை. எவனாவது உருண்டையைப் போட்டுவிடுவானோ என்ற பயத்தில் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாராம். வரிசையில் மட்டும் கடைசிவரை இரண்டு பேர் கலையாமல் நின்றிருக்கிறார்கள். இவர் போனால் அடுத்து யார் வருவார் என்று தெரிந்துகொள்ளத்தான்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் நாத்தனார் மூச்சிரைக்க வார்டுக்குள் ஓடிவந்தாள்.

"ஏம்மா, அந்த மீன் சாகாம இருந்ததாலதான் என் தம்பி பொழைச்சான்! அது உயிர் குடுக்கிற மீனாம்! உங்க வீட்டு வாசல்ல நாப்பது பேர் நிக்கறாங்க. தொட்டித் தண்ணியை ஆளுக்கு ஒரு பாட்டில் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

கட்டிலில் படுத்திருந்த பிரெஸ்காரர் சிரிக்கப் பார்த்தார். தையல் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தட்டக்கா சொன்னாள்: "மீனுக்கு இமை கிடையாது அண்ணி, கண்ணை மூடணும்னு நெனச்சாலும் அதால முடியாது. நமக்கு இமை இருக்கு. அது நாம தூங்கறப்ப மூடறதுக்கு மட்டும்தான், முழிச்சிருக்கறப்ப இல்லைன்னு போய்ச் சொல்லுங்க."