கராத்தே வகுப்பில் கும்பிடு அண்ணன்

பினாங்குத் தீவில் இருக்கிற அத்தனை சாமிகளுக்கும் முகம் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கும்பிடு அண்ணன்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சாவி போடும் முன் அதற்கும் ஒரு கும்பிடு உண்டு.

அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கராத்தே வகுப்புக்குப் போகும் துணிச்சல் எனக்கு மட்டும்தான் இருந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரே சாலையில் மாதா கோயில், சீனக் கோயில், பள்ளிவாசல் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் இரண்டு கையையும் எடுத்துவிடுவார்.

“அண்ணே, ஹேண்டில புடிங்கண்ணே!”

“பயப்படாத தங்கச்சி. இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க லா!”

எங்கள் வகுப்பு ஒரு கடைவீட்டின் மாடியில். சுவரில், எங்கள் கராத்தேயை உருவாக்கிய ஜப்பானியப் பெரியவரின் படம். வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் அதன்முன் குனிய வேண்டும். இது வெறும் மரியாதை, இதில் மதத்துக்கு வேலை இல்லை என்று எங்கள் சீன மாஸ்டர் சேரும் அன்றே சொல்லிவிடுவார். நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் காதரும் அதை நம்பித்தான் நான்கு வருஷமாகக் குனிந்துவந்தார்.

கறுப்புப் பட்டைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எல்லோரும் தேறவேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், அண்ணன் அந்தப் படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார். ஜப்பானியர் அச்சு அசல் எங்கள் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டார்.

அன்று காதர் குனியவில்லை.

“நேத்து வரைக்கும் அவரு வாத்தியாரு. இன்னிக்கு நீங்க சாமியாக்கிட்டீங்களேண்ணே. நான் எப்படிக் குனியறது?”

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. ஈரத்துணியை எடுத்து ஜப்பானியரின் நெற்றியைத் தேய் தேய் என்று தேய்த்தார்.

“பொட்டு போயிருச்சு. நீங்க இன்னும் கன்னத்துல போட்டுக்கிறீங்களே!” என்றார் காதர்.

உண்மைதான். அண்ணன் பத்து நாளும் கைகளைப் பின்னால் கட்டிப் பழகிப் பார்த்தார். படத்தைக் கண்டதும் அவை தாமாகவே மேலே வந்துவிட்டன.

கோலாலம்பூரிலிருந்து வந்த தேர்வாளர் கறார் பேர்வழி. படத்துக்குக் குனியாதவருக்குப் பட்டை கிடையாது என்று வந்ததுமே சொல்லிவிட்டார். கடை அடுப்பை விட்டு ஓடிவந்து நான்கு வருஷம் பயின்றது வீணாகப் போகிறதே என்று காதர் வாடி நின்றார்.

“தம்பி, என்னயப் பாரு,” என்றார் அண்ணன். “அது சாமியா இருந்தா நான் கும்புடாம நிப்பனா?”

மாஸ்டர் குரல் கொடுத்தார். நாங்கள் குனிந்தோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தாலே கும்பிடுகிறவர், இரண்டு கையையும் தொடையோடு அழுத்திக்கொண்டு, படத்தை நேருக்கு நேர் பார்த்தபடி நிமிர்ந்து நின்றார். காதர் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு பழையபடி குனிந்தார்.

ஏன் குனியவில்லை என்று தேர்வாளர் மலாயில் கேட்டார். இடுப்பு வலி என்று அண்ணனும் மலாயிலேயே சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து அதே இடுப்பை வைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே காலை வீசினார்.

காதருக்கும் எனக்கும் கறுப்புப் பட்டை கிடைத்தது. அண்ணனுக்கு இல்லை.

“உங்க பெல்ட்டு போச்சேண்ணே!” காதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் லா.”

அடுத்த வருஷமும் அண்ணன் நிமிர்ந்தே நின்றார். ஏன் என்று சண்டை பிடித்தேன். “நான் குனிஞ்சா கையும் சேர்ந்து வந்துரும் தங்கச்சி. அப்புறம் தம்பிக்குச் சங்கடம்,” என்றார்.

இன்றுவரை அவருக்குப் பழுப்புப் பட்டைதான். வகுப்பில் கறுப்புப் பட்டைக்காரர்கள் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்பது விதி. காதரும் நானும் தினமும் அண்ணனுக்குப் பின்னால் போய் நிற்கிறோம். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த இடத்தில் நிற்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.