தயிருக்குப் பின்னால் ஒரு குப்பி

"ஏளா ருமைஸா, தயிருக்குப் பின்னால இது என்ன பலாய்?"

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உம்மா கையில் வைத்திருந்த குப்பி சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். அதில் 'ஹெபடைடிஸ் பி' என்று ருமைஸா எழுதி ஒட்டியிருந்தாள். காயல்பட்டினத்தில் அந்தப் பெயர் தெரியாத வீடு இல்லை. வளைகுடாவுக்கு விசா எடுக்கும்போது மெடிக்கலில் அது இருந்தால் பயணம் அதோடு சரி.

"கீழ வைங்க உம்மா! என் ரெண்டு வருஷ வேலை அது!"

தூத்துக்குடியில் அவளுடைய ஆய்வகத்து உறைபெட்டி பழுதாகி, மற்றதெல்லாம் கெட்டுப்போயிருந்தது. மிஞ்சிய இந்த ஒன்றை ஐஸ் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்திருந்தாள்.

"சீக்கை வீட்டுக்குள்ள கூட்டியாந்திருக்கியே!"

"சீக்கு இல்ல உம்மா, பிளாஸ்மிட். டி.என்.ஏ வளையம். ஹார்பர்ல கண்டெய்னர் இருக்குல்ல, அது மாதிரி. கிருமியோட ஒரு துண்டை மட்டும் உள்ள ஏத்தியிருக்கேன். அதால ஒண்ணும் செய்ய முடியாது."

"மீன்முள்ளும் துண்டுதான். தொண்டையில சிக்கலையா?"

அக்கா நூர்ஜஹான் லாத்தா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "துரையோட தம்ளரை எடுத்து ஒளிச்சு வைங்க. கிருமி ஏறிடப் போவுது!"

துரை என்றது அவள் புருஷன் இஹ்ஸானை. ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே இருக்கும் மாப்பிள்ளை. சவூதிக்குப் போன வேகத்தில், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். அன்று முதல் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

இஹ்ஸான் மச்சான் சிரிக்கவில்லை. "அது தம்ளர்ல ஒட்டுமா, ருமைஸா?"

ஒட்டாது, ரத்தத்தின் வழியாகப் பரவுவது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் உம்மா மூடியைத் திறக்கப் போனாள்.

"இருங்க மச்சான்!" ருமைஸா பாய்ந்து குப்பியைப் பிடுங்கினாள். பெயர்தானே உம்மாவைப் பயமுறுத்துகிறது என்று, ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து எறிந்தாள்.

"பேரையும் கிழிச்சிட்டியா? எவளாவது தெரியாம ஆணச்சட்டியில ஊத்துனா?"

சமையல் சாமானோடு கலக்காமல் இருக்கட்டும் என்று ருமைஸா வாப்பாவின் காலி மாத்திரை டப்பாவுக்குள் குப்பியைப் போட்டாள். உம்மா டப்பாவோடு பிடுங்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தாள்.

"உம்மா! அது மருந்து! அந்தச் சீக்குக்கு மருந்து!"

உம்மா நின்றாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னளா?" பிஸ்மி சொல்லி, டப்பாவைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் தேன் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ருமைஸா உறைபெட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"நெசமாவே மருந்தா?"

"ஆமா மச்சான்," என்றாள், உம்மா காதில் விழட்டும் என்று.

"அப்ப தம்ளர்ல..."

"பொறவு சொல்லுதேன் மச்சான். ஹலோ, ஹலோ, அண்ணாச்சி..."

பிறகு என்பது வரவேயில்லை. மறுநாள் காலையில் மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. ஜன்னல் விளிம்பில் குப்பி பளிச்சென்று கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் மச்சான், புதுச்சட்டை போட்டுக்கொண்டு.

அடியில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தால்கூட அதை வைத்து மறுபடி வளர்த்துவிடலாம். ருமைஸா ஓடிப்போய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு வீணாக்கல," என்றார் மச்சான். "வெந்நியில அலசி, அதையும் குடிச்சிட்டேன்."

அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சவூதி மெடிக்கல்ல என்னைத் திருப்பி அனுப்புனது இந்தச் சீக்குக்குத்தான், ருமைஸா; இனிமே உங்க லாத்தா தம்ளர்ல நான் சாயா குடிக்கலாம்ல?"