என் கேட்டுக்கு வந்த பிள்ளையார்

உயிரே போனாலும் முன் கேட்டை மூட மாட்டேன் என்று சபதம் போட்டேன். உயிர் போகவில்லை. கேட்டு போய்விட்டது.

திருமுல்லைவாயிலில் எங்களுடையது மூலை வீடு. முன்னால் மெயின் ரோடு, பக்கவாட்டில் சின்னத் தெரு. ரிட்டயரான கையோடு ஒரு கார் வாங்கினேன். பழைய கார்தான். ஆனால் மெயின் ரோட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு அது வெளியே வரும் அழகு இருக்கிறதே! பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக, "யார்றா இந்த மகராசன்?" என்று பார்ப்பார்கள். அதற்காகத்தானே கார்?

ஒரே ஒரு சங்கடம். ரிவர்ஸில்தான் வெளியே வர முடியும். யாராவது ரோட்டில் இறங்கி வண்டிகளை நிறுத்த வேண்டும். அந்த யாராவது, என் மனைவி தாட்சாயிணி. தோசைக் கரண்டியும் கையுமாக ஓடிவந்து, கைகளை விரித்து பஸ், லாரி எல்லாவற்றையும் நிறுத்துவாள். நான் ராஜா மாதிரி பின்பக்கமாக வெளியே வருவேன்.

ஒருநாள் ஒரு லாரி அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது.

"இன்னாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன். கண்ணாடி தப்பிச்சுது."

"நான் தப்பிச்சது கண்ணுல படலியா?"

"நீ இன்னா, கண்ணாடி மாதிரி ஒடையிற ஆளா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது.

"சின்னத் தெரு பக்கம் செவுத்த ஒடச்சி கேட்டு வையுங்க. அங்க யாரும் நிறுத்த வேணாம்."

"அங்க யாரு பாப்பாங்க? எருமையா?"

அப்போதுதான் மேற்படி சபதம்.

அடுத்த வாரமே மாநகராட்சியிலிருந்து பக்தவத்சலம் என்ற அதிகாரி வந்தார். "மூலை வீட்டுக்கு மெயின் ரோட்டுல வண்டி வழி கூடாது சார். சின்னத் தெருவுலதான் வெச்சிக்கணும், அதான் விதி. சாக்கடை மேல போட்டு கீற சிமென்ட் சரிவ இடிச்சிருவோம்" என்றார்.

யார் போட்டுக் கொடுத்தது? ஆட்டோ ஸ்டாண்டு துலுக்கானமாகத்தான் இருக்கும். அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

பிறகு யோசித்தேன். சரிவின் ஓரமாக ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டால்? சாமி இருக்கிற இடத்தில் கடப்பாரை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

"தாட்சா, எப்டி என் மூளை?"

"உங்களுக்குத்தாங்க இதெல்லாம் தோணும்!" என்றாள். கல்யாணமான நாளாக அவள் என்னைப் பாராட்டியதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிரதிஷ்டை அன்று மாலையும் தேங்காயும் வாங்க என்னை ஆவடிக்குப் பஸ்ஸில் அனுப்பினாள். வழியெல்லாம் நெரிசல். திரும்பி வந்தால் அபிஷேகமே முடிந்திருந்தது. பிள்ளையார் ஓரத்தில் இல்லை. கேட்டுக்கு நட்டநடுவில், சிமென்ட் பீடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி இது? ஓரமாத்தானே வெக்கச் சொன்னேன்?"

"எதுத்தாப்புல பாருங்க. அந்தத் தெரு நேரா நம்ம கேட்டுல வந்து குத்துது. தெருக்குத்துக்கு நேரா வெச்சாத்தான் பிள்ளையாரு காப்பாத்துவாருன்னு குருக்கள் சொல்ட்டாரு."

"காரு எப்டிடி வெளிய வரும்?"

"அத அவராண்டயே கேளுங்க."

"நகத்து!"

"பூஜை போட்ட சாமிய நகத்தறதா? மொதல்ல கன்னத்துல போட்டுக்கோங்க!"

போட்டுக்கொண்டேன். சற்றுப் பலமாகவே.

துலுக்கானம் வந்து தேங்காய் உடைத்தான். "அண்ணாத்தே, சூப்பரு! நம்ம ஸ்டாண்டுக்கே காவலு!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். கார் உள்ளே, பிள்ளையார் வெளியே, சாவியோடு நான் நடுவே. வேறு வழியில்லாமல் சின்னத் தெருச் சுவரை உடைத்துக் கேட்டு வைத்தேன். முதல் நாள் அந்த வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனபோது மனசு கனத்தது. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. எருமைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பக்தவத்சலம் கடப்பாரை ஆட்களோடு வந்தார். பிள்ளையாரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், தலையில் குட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தாட்சாயிணியிடம் போனார்.

"அம்மா, நீங்க போன்ல சொன்னப்போ, சாரு ஒத்துக்க மாட்டாரு, இடிச்சாத்தான் உண்டுன்னு சொன்னீங்க. இடிக்காமயே அடைச்சிட்டீங்களே!"

நான் தாட்சாயிணி பக்கம் திரும்பினேன்.

"நீயாடி போன் போட்டே? என்னையேவா நிறுத்திட்டே?"

தாட்சாயிணி பிள்ளையாருக்கு ஒரு பூவை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பஸ்ஸு லாரியே என் கைக்கு நின்னுச்சு. நீங்க எம்மாத்திரம்?"