கார்டுக்கு ஜாதகம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு மாடிப்படி. காலை ஏழு மணிக்கே அதில் கால் வைக்க இடம் கிடையாது. ரிஷிவந்தியத்திலிருந்து வருகிறார்கள், எலவனாசூர்கோட்டையிலிருந்து வருகிறார்கள், வடக்கனந்தலிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கீழே டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சு கூடுதலாக வாங்கிப் போட்டுவிட்டார். வந்தவர்கள் யாரும் கையை நீட்டி ரேகை காட்டுவதில்லை. ஆளுக்கொரு கிரெடிட் கார்டை நீட்டுகிறார்கள். ஜாதகம் கார்டுக்கு!

கணிப்பவர் சுப்புராய சுவாமி. கல்வராயன் மலைக் குகையில் பன்னிரண்டு ஆண்டு தவமிருந்து, கார்டில் பாயிண்ட் பெருகும் வித்தையைப் பெற்றாராம். அந்த மலையில் பாதி இடத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. குகைக்குள் பாயிண்ட் எந்த டவர் வழியாக இறங்கியது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்டால் வரிசையில் இடம் போய்விடும் அல்லவா?

கார்டில் செலவு செய்தால் வங்கி கொசுறாகக் கொஞ்சம் பாயிண்ட் போடும். சேர்ந்த பாயிண்டைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாம். இது வங்கிக்காரன் சொல்வது. பாயிண்டை ஏற்றுவதே கிரகம்தான் என்பது சுவாமி சொல்வது. வங்கிக்காரன் இலவசமாகச் சொன்னான், யாரும் கேட்கவில்லை. சுவாமி ஆயிரத்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னார், கூட்டம் அலைமோதியது.

சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருக்கும் சின்னப்பனும் போன மாதம் அந்தப் படியேறினார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஜாதகம் பார்க்கலாமா என்று முதலில் கொஞ்சம் தயங்கினார். "கார்டுக்கு ஏதுங்க மதம்?" என்று சுவாமியே தேற்றினார். கார்டின் சிப்பில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:

"கார்டு எந்த வருஷம் பொறந்துச்சி? மாசத்துல பில்லு எப்ப போடறான்?"

"பன்னெண்டாந்தேதிங்க."

சுவாமி விரல்விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. நெற்றி வியர்த்தது. "பதிமூணாந்தேதி குரு பாக்கறாரு. பாயிண்ட் ஏறும்."

பதின்மூன்றாம் தேதி பாயிண்ட் ஏறியது! சின்னப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிலிருந்து சுவாமி சொன்னால் சரிதான்.

இந்த மாதம் அவருக்கு உண்மையிலேயே பெரிய காரியம் ஒன்று இருந்தது. மகள் அமுதா டெல்லியில் நர்ஸ். தலைப்பிரசவம். மருமகனுக்கோ ராணுவத்தில் வேலை; லீவு கிடைக்கவில்லை. இருபதாம் தேதிக்குள் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா" என்று போனில் அழுதாள் பெண். ரயிலில் இடமில்லை. கையில் இருந்தது கார்டும், ஐந்து வருடமாகச் சேர்ந்த இருபத்தாறாயிரம் பாயிண்டும்தான்.

டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டதும் சுவாமி பதறிப்போனார்.

"இப்பத் தொடாதீங்க! பதினாலாந்தேதி பாயிண்ட் ரெட்டிப்பாவற யோகம் கீது. ஐயாயிரத்துக்கு ஒரு பூஜை. அதுவரைக்கும் போனைத் தொறந்து பாயிண்டைப் பாக்கவே கூடாது, கண்ணுபட்டுடும்."

பூஜைப் பணத்தையும் சுவாமி தன் மெஷினிலேயே தேய்த்துக்கொண்டார். அதற்கும் பாயிண்ட் உண்டாம். என்ன கருணை!

வீட்டில் மனைவி இஞ்ஞாசியம்மாள் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு அங்க வயித்தப் புடிச்சிக்கினு தனியா உக்காந்துகினு கீறா. நீ இங்க தேதி பாத்துக்கினு கீறியாய்யா?"

டெல்லிப் பயணத்துக்குப் பெட்டியாவது வாங்கி வைக்கலாம் என்று அவர் கிளம்பினார். கடைவீதியில் மெஹ்ராஜ் பேகத்தின் பை கடை. கார்டைச் சொருகினால் மெஷின் கத்தியதே தவிரப் படிக்கவில்லை. மெஹ்ராஜ் பேகம் கார்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"சந்தனமா? இன்னிக்கி இது மூணாவது கார்டுண்ணே. இன்னா, கார்டுக்குக் காது குத்தா?"

சின்னப்பன் பயபக்தியோடு முழுக்கதையும் சொன்னார். அவள் கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள். சரக்கு எடுக்க வருடம் இரண்டு தடவை பம்பாய்க்குப் பறக்கிறவள். டிக்கெட்டில் பாதி பாயிண்டிலேயே போய்விடும்.

"பில்லு தேதிய நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"பில்லு போட்ட மறுநாளு பேங்க்காரனே பாயிண்ட் போடுவான். நீங்க சொன்னதோட ஒண்ணைக் கூட்டி உங்களுக்கே வித்துட்டாருண்ணே."

சின்னப்பனுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியவர்மேல் அல்ல, ஏமாந்தாய் என்று சொன்னவள்மேல்! நம்மூர் வழக்கம் அதுதானே? "அவரு மலையில தவம் இருந்தவரும்மா" என்றார்.

"சரி, சண்டை வாணாம். எங்கிட்ட ரெண்டு கார்டு கீது. ஒண்ணுக்குப் பில்லு எட்டாந்தேதி, இன்னொண்ணுக்குப் பதினெட்டு. எட்டாந்தேதி கார்டு வூட்டு பீரோவுலயே கெடக்கட்டும். பதினெட்டாந்தேதி கார்டைச் சாமிகிட்ட எடுத்துக்கினு போயி, எட்டுன்னு சொல்றேன். அவரு ஏத்தறாரா, பேங்க்காரன் ஏத்தறானான்னு பாத்துடலாம். நீங்களும் வாங்க."

போனார்கள். சந்தனம் அப்பப்பட்டது. விரல் எண்ணப்பட்டது. நெற்றி வியர்த்தது. "ஒன்பதாந்தேதி காலையில சுக்கிரன் அள்ளிக் குடுக்கறாரு!" என்றார் சுவாமி.

ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. படி நிறையக் கூட்டம். மெஹ்ராஜ் பேகம் எல்லாருக்கும் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சாமி தொட்ட கார்டுல ஒரு பாயிண்டுகூட ஏறல. யாரும் தொடாம பீரோவுல கெடந்த கார்டுல காலையிலயே ஏறியிருக்குது. இது இன்னாங்க கணக்கு?"

சுவாமி கண்ணைத் திறந்தார். "தோஷம்மா. யாரோ பொய் சொல்லியிருக்காங்க. பொய் சொன்னா கிரகம் கோவிச்சிக்கும்."

"நான்தாங்க சொன்னேன். இதோட பில்லு பதினெட்டாந்தேதி. பொய் சொன்னது நானு. ஏமாந்தது சுக்கிரனா, நீங்களா?"

படியில் சிரிப்பு கிளம்பியது. நடுவில் நின்ற டீச்சர் ராதிகா எட்டிப் பார்த்தாள். "இவரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல குடை போட்டுக்கினு பேங்க் கார்டு வித்தவராச்சே! மூணு வருஷம் முன்னால எனக்கே ஒண்ணு வித்தாரே! தாடி மட்டும்தாங்க புதுசு."

பன்னிரண்டு ஆண்டுத் தவத்தில் மூன்று போக மீதி ஒன்பதைக் காணோம். ஆளாளுக்குத் தட்சிணையைத் திருப்பிக் கேட்டார்கள். சுவாமி மெஷினை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்பக்கப் படியைத் தேடினார். அந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கப் படி கிடையாது. கிரகம் அதைச் சொல்லவில்லை போலும்.

சின்னப்பன் இந்த வேடிக்கையில் கலந்துகொள்ளவில்லை. ஒரு மூலையில் நின்று, இத்தனை நாள் திறக்கக்கூடாதிருந்த போனைத் திறந்தார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இந்தப் பாயிண்டுகள் பத்தாம் தேதியோடு காலாவதி. நாளை! பதினாலாம் தேதிக்குக் காத்திருந்தால் ரெட்டிப்பாவது இருக்கட்டும், ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. பிரசவ அறையில் பெண் தனியாகக் கிடந்திருப்பாள். தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"பயப்படாதீங்கண்ணே, இன்னிக்கி ஒரு நாள் கீது" என்று மெஹ்ராஜ் பேகம் போனை வாங்கினாள். "வெள்ளிக்கிழமைன்னா ஆளுக்குப் பத்தொம்பதாயிரம் பாயிண்ட் கேக்கறான். கூட்டம் ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரைக்குன்னா பன்னெண்டாயிரத்து ஐந்நூறுதான். ரெண்டு பேருக்கும் இருபத்தஞ்சாயிரம். திரும்பி வர்றதுக்கு ரயிலு இப்பவே போட்டு வெச்சிடுங்க."

கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த சுவாமிக்கு அந்த நிலைமையிலும் தொழில் மறக்கவில்லை. "செவ்வா மூன்றரை ராகு காலம்! பிரயாணம் ஆவாது!" என்று கத்தினார்.

"அதுலயே போடும்மா" என்றார் சின்னப்பன்.

ராகு காலத்தில் கிளம்பிய விமானம் டெல்லியில்தான் இறங்கியது. பதினேழாம் தேதி அமுதாவுக்குப் பெண் குழந்தை. இஞ்ஞாசியம்மாள் பக்கத்திலேயே இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பிய சின்னப்பன், கையில் இனிப்போடு பை கடைக்குப் போனார். துருகம் ரோட்டு மாடி பூட்டிக் கிடந்தது. ஆனால் பை கடை வாசலில் கூட்டம்! தாம்பாளம், வெற்றிலை, எலுமிச்சம்பழம், மேலே கார்டு. முதலில் நின்றவர் கும்பிட்டார்.

"அம்மா, உங்க கைராசி ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. ஒரு தடவை தொட்டுக் குடுங்க."

மெஹ்ராஜ் பேகம் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப்பன் அந்தத் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஐயாயிரம் குடுத்து ஏமாந்தவன் சொல்றேன், கேளுங்க. எந்தத் தேதி ஏறும், எந்தத் தேதி செத்துப்போவும்னு மாசாமாசம் பில்லுலயே அச்சடிச்சி வூடு தேடி அனுப்பறான். நமக்கெல்லாம் படிக்கத் தெரியும். படிச்சமா? அதைப் படிக்காத வரைக்கும் எவனாச்சும் ஒருத்தன் மாடி வாடகைக்கு எடுத்துக்கினுதான் இருப்பான்!"