எரியோட்டுப் பேருந்தில் ஒரு திருத்தம்

வாலிபர் ஊழியத்தை நடத்துகிறவர்களுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று எங்கள் சபையின் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பொருளில் எனக்குள்ள தகுதியை முதலிலேயே அறிக்கையிட்டுவிடுவது முறை. எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், சோர்ந்திருந்த இருபத்திரண்டு வாலிபத் தலைவர்களை ஊக்கப்படுத்த முனைந்து, ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் முன்னிலும் சோர்வுள்ளவர்களாக ஆக்கியவன் நான். இவ்வளவு குறுகிய நேரத்தில் இதை வேறெவரும் செய்து முடித்ததாகத் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர். ஞாயிறு பள்ளி நாட்களில் மனப்பாட வசனப் போட்டியில் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து முதற்பரிசு பெற்றவன் (எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்ததெல்லாம் அந்த எவர்சில்வர் டம்ளர்களில்தான்). எந்த வசனத்தையும் அதிகாரத்தோடும் எண்ணோடும் சொல்ல எனக்குப் புத்தகம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் போட்டிகளில் வசனத்தைச் சொன்னால் போதும், எண்ணை யாரும் கேட்பதில்லை என்பதை நான் மறந்திருந்தேன்.

சுற்றுவட்டாரக் கிராமச் சபைகளின் வாலிபர் கூட்டங்கள் என் மேற்பார்வையில் இருந்தன. மேற்பார்வை என்பதை நான் ஒரு படிவமாகப் புரிந்துகொண்டிருந்தேன். மாதந்தோறும் ஒவ்வொரு தலைவரும் அதை நிரப்பி அனுப்பவேண்டும். எட்டுக் கட்டங்கள். எட்டாவது கட்டத்தின் தலைப்பு ‘ஆவிக்குரிய வளர்ச்சி (நூற்றுக்கு)’. இதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை என்பதை வாசகர் நம்பவேண்டும்.

அந்த நிலையில்தான் எரியோட்டிலிருந்து தங்கராசின் கடிதம் வந்தது. தங்கராசு அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பையன்களைக் கூட்டிப் பாட்டும் ஜெபமும் நடத்துவார். பதினெட்டுப் பேர் வந்த கூட்டத்துக்கு இப்போது நாலு பேர் வருகிறார்கள், எனக்குச் சோர்வாக இருக்கிறது, பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று மூன்றே வரி எழுதியிருந்தார்.

போதகர் ஐயா கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, தங்கராசு விட்டுட்டா அந்த ஊர்ல வாலிபர் கூட்டம்னு ஒண்ணு கிடையாது. வேற ஆளும் கிடையாது. எப்பாடு பட்டாவது அவனைப் பிடிச்சு நிறுத்துங்க.”

“நிறுத்தலாம் ஐயா” என்றேன், ஒரு பேருந்தை நிறுத்துவதைச் சொல்வதுபோல.

தங்கராசை மட்டும் அழைத்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். ஆகவே தலைவர்கள் அனைவருக்கும் ஒருநாள் ‘ஊக்கக் கூடுகை’ என்று அறிவித்தேன். அதன் உச்சமாக நான் திட்டமிட்டது வாக்குத்தத்தம் எடுப்பது. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டையை எடுத்து, இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த வாக்கு இது என்று வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது எங்கள் மக்களின் வழக்கம். கடையில் விற்கும் அட்டைகளில் அதே பத்து வசனங்கள்தாம் திரும்பத் திரும்ப வரும் என்பதால் எனக்கு அவற்றின்மேல் மதிப்பில்லை. நானே இருபத்திரண்டு வசனங்களைத் தேர்ந்தெடுப்பது, அட்டையில் குறிப்பு எண்ணை மட்டும் எழுதுவது, எடுத்தவர் தம் வேதத்தைத் திறந்து எல்லாருக்கும் முன்பாக வாசித்து, அதனால் தமக்குக் கிடைத்த ஊக்கத்தைச் சாட்சியாகச் சொல்வது என்று முடிவாயிற்று.

வீட்டு வராந்தாவில் நான் கண்களை மூடிக்கொண்டு உலாவியபடி எண்களைச் சொல்ல, என் தங்கை கிரேஸ் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

“அண்ணே, வேதத்தை எடுத்து ஒருதடவை பார்த்துக்கிறட்டுமா?”

“எதுக்கு?”

“சும்மா. ஒரு இதுக்கு.”

“நான் ஒன்பது வருசம் பிரைஸ் வாங்கினவன்” என்றேன். கிரேஸ் பேனாவை மூடிவைத்தாள்.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். தங்கராசும் வந்து கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார். நான் எழுந்து ஒரு முன்னுரை ஆற்றினேன். அதை ஆற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. “நீங்கள் எடுக்கப்போவது தற்செயலாக வருவதன்று. உங்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் என்று இன்றைக்கு அருளப்படுவது. ஆகவே எடுத்ததை மாற்றிக் கேட்கக் கூடாது” என்றேன். நல்ல வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன்.

முதலில் எடுத்தவர் நெய்க்காரப்பட்டித் தலைவர். எழுந்து நின்று கணீரென்று வாசித்தார். உண்ணத் தகாத பறவைகளின் பட்டியல். கழுகில் தொடங்கி வௌவாலில் முடிந்தது.

“சாட்சி சொல்லுங்கள்” என்றேன். விதி விதிதான்.

“ஏனுங்க, நாங்க கோழி மட்டுந்தானுங்க சாப்பிடறது” என்றார் அவர், வெகுநேரம் யோசித்து. “இனிமேலும் அப்படியே இருந்துக்கறேனுங்க.”

அடுத்து ஒரு நர்ஸ் பெண். அவருக்கு வாய்த்தது வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று பதினோரு பெயர்களைத் திக்கித் திக்கி வாசித்துவிட்டு, “நமக்கு முன்னாடி நெறையப் பேரு இருந்திருக்காங்கன்னு தெரியும்போது ஆறுதலா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அழுகிற முகத்தோடு உட்கார்ந்தார்.

மூன்றாமவர் அகரத்துக்காரர். அவருக்கு மறுமாதம் கல்யாணம். பத்திரிகையைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது சாபங்களின் வரிசையிலிருந்து ஒன்று. நிச்சயம் செய்த பெண்ணை வேறொருவன் கொண்டுபோவான் என்ற பொருளில் வருவது. வாசித்து முடித்த பிறகும் அவர் புத்தகத்தை மூடவில்லை. இன்னொருமுறை வாசித்தால் மாறிவிடும் என்று நம்புகிறவரைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் அன்று அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எழுதக் கை கூசுகிறது. “எழுதினதுல ஏதோ கவனக் குறைவு போலிருக்கு” என்று சொல்லி, என் தங்கை நின்ற பக்கம் லேசாகத் திரும்பிப் பார்த்தேன். கிரேஸ் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் முன்வரிசைவரை கேட்டது.

இதற்குள் அட்டைகள் இருந்த பெட்டி கடைசி வரிசைக்குப் போய்விட்டது. தங்கராசு ஓர் அட்டையை எடுத்தார். நிதானமாகப் பக்கத்தைத் தேடினார். போருக்குப் புறப்பட்ட சேனையைப் பார்த்து, நீங்கள் போகவேண்டாம், அவனவன் தன் தன் வீட்டுக்குத் திரும்புங்கள், இது என்னால் ஆனது என்று ஆண்டவர் சொல்லியனுப்பும் இடம் அது. தங்கராசு அதை ஒருமுறைதான் வாசித்தார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! அன்றைக்கு அந்தக் கூடத்தில் வாக்குத்தத்தத்தால் உண்மையாகவே ஆறுதல் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

“நானா விட்டா தப்போன்னு நெனச்சு ரெண்டு மாசமாத் தூக்கமில்ல சார்” என்றார். “இப்ப அவரே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. ஸ்தோத்திரம். வாரேன்.”

மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். எந்த மனிதரை நிறுத்துவதற்காக இருபத்தொரு பேரைச் சேர்த்து அழைத்திருந்தேனோ, அவரைக் கடவுளின் கையெழுத்தோடு நானே வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

மற்றவர்களைப் போதகர் ஐயா கவனித்துக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லவைத்து, தக்காளிச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வெஞ்சனத்தையும் பரிமாறச் சொன்னார். நான் மேசையருகே நின்று, தங்கராசு எடுத்த குறிப்பு எண்ணுக்கு நான் நினைத்திருந்த வசனம் எது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். கிரேஸ் என் அருகே வந்தாள்.

“அண்ணே, சாமி சொன்னதுன்னு நெனச்சு ஒரு மனுசன் போறாரு. சொன்னது நீங்க. இங்க நின்னு என்ன பண்றீங்க?”

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். எரியோட்டு வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தங்கராசு சன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நான் கீழே நின்றபடி, “அந்த வசனக் குறிப்பில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது” என்றேன்.

“என்ன சார்?”

“திருத்தம்!”

வண்டி நகர்ந்தது. ஏறிவிட்டேன். நடத்துநர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

“நான் எங்கேயும் போகவில்லை. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.”

“வண்டிக்குள்ள இருந்தா எங்கயோ போறீங்கன்னுதான் சார் அர்த்தம். டிக்கெட் எடுத்துட்டுச் சொல்லுங்க.”

எடுத்தேன். எஞ்சின் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் தங்கராசின் காதில் விழவில்லை. இரண்டு முறை இலக்கணச் சுத்தமாகச் சொன்னேன். மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சரியாக அந்த நொடியில் ரயில்வே கேட் அடைக்கப்பட்டு, ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார்.

“ஆண்டவர் சொல்லல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!”

பேருந்து முழுவதும் திரும்பியது. பக்கத்து இருக்கையில் காலி தக்காளிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏப்பா, சாமி சொல்லாததச் சாமி சொல்லுச்சுன்னா சொல்லிப்புட்ட?”

“ஆமாம்மா.”

“எங்க ஊருல குறி சொல்ற கோடாங்கி இருவது வருசமா அதத்தான் பண்றான். ஒருநாளும் இப்படி ஓடியாந்து பஸ்ஸுல ஏறல.”

“படிச்ச புள்ளைல்ல, அதான்” என்றார் முன்னிருக்கைக்காரர்.

தங்கராசு சிரிக்கவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார்.

“அப்ப, அந்தச் சீட்டுல என்ன இருந்திருக்கணும் சார்?”

யோசித்தேன். ரயில் வந்தது, போயிற்று. “எனக்கு நினைவில்லை” என்றேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

தங்கராசு என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செத்த உக்காருங்க சார்” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. எனக்குச் சோர்வே உங்களாலதான்.”

“என்னாலா?”

“மாசாமாசம் நீங்க அனுப்புற அந்த எட்டுக் கட்டப் பாரத்தப் பார்த்தாலே காய்ச்சல் வருது. பயலுக சைக்கிளுக்குக் காத்தடிக்க வாரானுக. ரெண்டு பாட்டு, ஒரு ஜெபம் சொல்லிக் குடுக்கேன். அதுல வளர்ச்சி நூத்துக்கு எம்புட்டுன்னு கேட்டா நான் என்னத்தப் போட? நீங்க எல்லாத்தையும் சரியாச் செய்யிற மனுசன். நம்மால ஏலாதுன்னு விட்டேன். நீங்களும் தப்புப் பண்ணுவீகன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா நான் கடுதாசியே எழுதிருக்க மாட்டேன்.”

நான் எரியோடு வரைக்கும் போனேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சாயங்காலம் கொட்டகையில் நாலு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராசு என்னை அறிமுகப்படுத்தினார்: “ஏலே, இவுக காலேஜு வாத்தியாரு. இன்னைக்குக் கர்த்தர் பேரச் சொல்லி என்னைய வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாக. பஸ்ஸே சிரிச்சுப்போச்சு.” நான் அவர்களுக்குக் கற்பிக்க முடிந்தது அவ்வளவே. அடுத்த வாரம் ஏழு பேர் வந்ததாக எழுதியிருந்தார் (காற்றடிக்க வந்தவர்களையும் சேர்த்திருப்பார்). அந்தத் தகவல் ஓர் அஞ்சலட்டையில் வந்தது. படிவத்தை அதற்குள் நான் கைவிட்டிருந்தேன். அகரத்துக்காரரின் கல்யாணத்துக்கும் போனேன். தாலி ஏறும் வரை வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கராசு என் தங்கை கிரேஸை மணந்தார். அதில் என் ஊக்கம் எதுவும் இல்லை. எரியோட்டு வாலிபர் கூட்டத்தை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பகலிலும், சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள், இந்தக் கதையைச் சொல்லுவார். ஆண்டுக்காண்டு அது வளர்ந்தது. பேருந்தில் இருந்த நாற்பது பேர் எண்பது பேரானார்கள். நடத்துநர் என் காலில் விழுந்து ஜெபிக்கச் சொன்னார். கேட் கீப்பரும் வந்து சேர்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கிட்டு, அப்படி நடக்கவில்லை என்று திருத்துவேன். “மச்சான் திருத்தம் போட்டாச்சு, மேல போவோம்” என்று அவர் தொடர்வார்.

சென்ற பங்குனியில் தங்கராசு காலமானார்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவருடைய மகள்தான், “மாமா, நீங்க சொல்லுங்க” என்றாள். சொன்னேன். மேலே எழுதியிருப்பதுபோல, ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், வரிசை மாறாமல் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிரேஸ் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தாள்.

“அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா இது அவரு கதை இல்ல. அவரு சொல்ற மாதிரிச் சொல்லுங்க.”

“அப்படி நடக்கவில்லையே, கிரேஸ்.”

“எனக்குத் தெரியாதா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன். பேருந்தில் எண்பது பேர் இருந்தார்கள் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் தடுமாறியது. வழக்கமாகத் திருத்தம் வரும் இடம் அது. அறியாமல் அங்கே நிறுத்திவிட்டேன்.

“நாப்பது” என்றாள் கிரேஸ், இலையைப் பார்த்தபடி.

“திருத்தம் போட்டாச்சு” என்றேன். “மேலே போவோம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேட் கீப்பரையும் கொண்டுவந்தேன்.