தலை எண்ணும் றைற் அண்ணை

டேனிஷ்காரரை ஒரே சீற்றில் இருவராக, தோளோடு தோள் முட்ட உட்காரவைத்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் றைற் அண்ணை ஒருவர்தான். அரசாங்கம் சட்டம் போட்டாலும் நடக்காத காரியம் அது.

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்துத் துணி ஆலையில் முப்பது வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டர்; பஸ்ஸை எடுக்கச் சொல்லி சாரதிக்கு ‘றைற்’ குடுத்துக் குடுத்தே அந்தப் பேர் வந்தது. ஓய்வு பெற்றதும் நாங்களெல்லாம் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் பழைய பஸ்களைத் துடைத்து ஓட்டி மகிழும் டேனிஷ் கிழவர்களின் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். கோடை ஞாயிறுகளில் அவர்களுடைய சிவப்பு பஸ் மேற்குக் கரையோரமாக, மணல்மேடுகளையும் மீன்பிடித் துறைகளையும் பார்த்துக்கொண்டு போகும். வழியில் நான்கு குரோக்களில் நிற்கும். குரோ என்பது நம்மூர்க் கள்ளுத் தவறணைக்கு மேசைவிரிப்புப் போட்டது மாதிரி.

அண்ணையிடம் ஒரு தோற்பையையும் மணிக் கயிற்றையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், பஸ் பருத்தித்துறைக்குப் போகத் தொடங்கிவிட்டது. “உள்ளுக்கு வாங்கோ! முன்னுக்கு இடம் கிடக்கு!” என்று தமிழில் தொடங்கி, “கொம் ஸோ, கொம் ஸோ!” என்று டேனிஷில் முடிப்பார். பையைப் பக்கத்தில் வைத்துத் தனியே கடல் பார்க்க வந்தவர்களை நெருக்கி இருத்துவார். அப்படி இருத்தியதில் ஒரு தபால்காரருக்கும் லெம்விக் ஊர்ப் பெண்மணி ஒருத்திக்கும் கலியாணமே ஒப்பேறியது. றோட்டோரம் நாயோடு உலாவிய ஒருவரையும் ஏற்றிவிட்டார். நாய்க்கும் சீற் கிடைத்தது.

அவருக்கு ஒரே எதிரி குரோ. ஒரு சொட்டும் குடிக்காதவர். பியர் மேல் கோபமில்லை, பியரோடு தங்கிவிடுகிற ஆட்கள் மேல்தான். பஸ் வாசலில் நின்று தலை எண்ணுவார். ஒன்று குறைந்தால் உள்ளே போய், பாதிக் கிளாஸோடு ஆளைக் கூட்டிவருவார். மலசலகூடக் கதவையும் தட்டுவார். சாரதி யென்ஸ் மணிக்கூட்டைக் காட்டினால், “ஆக்கள் ஏறாமல் என்னெண்டு றைற் குடுக்கிறது?” என்பார். யென்ஸுக்குத் தமிழ் விளங்கும் என்றே கடைசிவரை நம்பினார்.

ஒரு ஞாயிறு நானும் அந்தப் பஸ்ஸில் போனேன். மூன்றாவது குரோவில் பழைய சிநேகிதன் ஒருவனைக் கண்டேன். அவனுடைய காரிலேயே வீட்டுக்குப் புறப்பட்டேன். சொன்னால் அண்ணை விடமாட்டார் என்று சொல்லாமல் போனேன். அரை மணி கழித்துப் போனை எடுத்துப் பார்த்தால் அவரிடமிருந்து இருபத்தொரு அழைப்பு.

“அண்ணை, நான் காரில வீட்ட போறன்.”

மறுமுனையில் காற்றுச் சத்தம். “உயிரோட இருக்கிறியோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

“ஏலாது தம்பி. உன்னை ஏத்தினது நான். நீ வராமல் பஸ் வெளிக்கிடாது.”

எரிச்சலோடு திரும்பிப் போனேன். பஸ் அதே இடத்தில் நின்றது. அண்ணையின் காற்சட்டை முழங்கால் வரை ஈரம். கடற்கரை நெடுக என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். ஏச வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஊரில நான் கடைசியா ஓடின நாள், ஆமிக்காரர் மறிச்சு எல்லாரையும் சோதனைக்கு இறக்கினவங்கள். திரும்ப ஏறேக்க நாலு பேர் குறைவு. பஸ்ஸை எடு எண்டு துவக்கைக் காட்டினாங்கள். நான் றைற் குடுத்தனான், தம்பி.”

முப்பது வருடத்தில் இதை ஒருநாளும் அவர் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏறி என் சீற்றில் இருந்தேன். பஸ்ஸுக்குள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அண்ணை பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். என் தலையில் வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு மணியை இழுத்தார்.

போன வருடம் லண்டனில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். இந்தக் கோடையில் நான் அதே பஸ்ஸில் போனேன். இருவர் சீற்றில் தனியாக, வசதியாக உட்கார்ந்திருந்தேன். கடல் வடிவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு குரோவிலும் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்து ஏறினேன். ஒருவரும் தேடவில்லை. அண்ணை, ஒருக்கா வந்து எண்ணிப்போட்டுப் போங்கோ.