நரெல்லின் நாற்காலி நகர்ந்த விதம்

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உதவியாளராகக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. வலை ஊஞ்சலில் படுத்தபடி எடுத்த முடிவு. என் முடிவுகள் எல்லாமே படுத்தபடி எடுப்பவைதான். எழுந்து நின்றால் மறந்துவிடும்.

என் பெயர் மெர்வ். பெலிக்கன் ஹெட் என்ற ஊரில் முப்பது வருஷம் ஆற்றில் ஃபெரிப் படகு ஓட்டினேன். ஆற்றின் மேல் பாலம் வந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமரத்தடி ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஃபெரி ஓட்டுகிறேன். இந்த ஃபெரிக்கு டீசல் வேண்டாம். ஒரு நாள் பேண்டு வாத்தியக் கோஷ்டியை ஏற்றினேன். இன்னொரு நாள் நாற்பது ஆடுகளையும் ஒரு மணப்பெண்ணையும் ஏற்றினேன். அக்கரை நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போகும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இந்தப் பயணம் தடையில்லாமல் நடக்கப் பத்து மணிக்கு டீ வேண்டும். பன்னிரண்டரைக்கு சாண்ட்விச், இரண்டரைக்குக் கேக். மூன்றும் ஊஞ்சலுக்கே வரும். கொண்டுவருபவள் நரெல். அவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை டீக் கோப்பையோடு ஒரு விண்ணப்பப் படிவத்தையும் கொண்டுவந்தாள்.

"ஒரு வருஷப் படிப்பு, மெர்வ். நடுவுல நூறு மணி நேரம் நிஜ வகுப்புலயே போய் வேலை செய்யணும். பாஸானா நம்ம ஊர் ஸ்கூல்லயே இடம் இருக்கு."

"எத்தனை மணிக்குப் போவ?"

"எட்டரைக்கு."

"வர்றது?"

"மூணேகால்."

என் மொத்த வாழ்க்கையும் எட்டரைக்கும் மூணேகாலுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

நரெல் பதினைந்து வயதில் படிப்பை விட்டவள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, புத்தகத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் மூன்று வருஷம் ஓட்டினாளாம். பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த ஆளாகத்தான் அவள் இப்போது ஆகப் போகிறாளாம். கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கம் ஒரு பக்கம், டீ ஒரு பக்கம்.

தடுக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆகவே தந்திரம் செய்தேன். தனியாக விட்டுவிட்டுப் போகவே முடியாத மனிதனாக மாறிவிடுவது என்று திட்டம். அவள் படிப்பில் சேர்ந்த மறுநாளே டின் ஓப்பனரைத் தலைகீழாகப் பிடித்தேன். ரொட்டியைக் கரியாக்கினேன். உருளைக்கிழங்கைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றிவிட்டு, புகைக்கு நடுவில் பரிதாபமாக நின்றேன்.

அவள் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் முழங்கை உரசுகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். என்னைப் பார்ப்பாள், ஏதோ எழுதுவாள். பாடம் தலைக்குமேல் போய்விட்டது, சமையலறையில் வைத்துப் படிக்கிறாள் பாவம் என்று நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன்.

"உருளைக்கிழங்க இப்ப வேகவைக்கிறியா, டீ குடிச்சிட்டு வேகவைக்கிறியா?" என்றாள்.

டீ குடித்துவிட்டு என்று கம்பீரமாகச் சொன்னேன். ஜெயித்த மாதிரி இருந்தது. டீ குடித்துவிட்டு உருளைக்கிழங்கை வேகவைத்தேன். வேகவைக்காமலே இருப்பது என்று மூன்றாவதாக ஒரு வழி இருந்ததே என்று ஏப்ரலில்தான் எனக்கு உறைத்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு வந்தது. நான் தெரியாது என்று சொன்னால் பதில் சொல்ல மாட்டாள். பத்து விநாடி அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து விநாடி மௌனத்தை எந்தப் புருஷனாலும் தாங்க முடியாது. எட்டாவது விநாடியில் கை தானாகவே உப்பு ஜாடியைத் தேடிப் போகும்.

அதைவிட மோசம், பாராட்டு. "தண்ணிய அளந்து ஊத்தின பாரு, அது நல்லாருந்துச்சு" என்றாள் ஒரு நாள். முப்பது வருஷம் ஆற்றுத் தண்ணீர் மேலேயே நின்றவன் நான். தண்ணீர் விஷயத்தில் என்னை யாரும் பாராட்டியதில்லை. அன்று சாயங்காலம் வரை மிதந்தேன். மறுநாள் யாரும் கேட்காமலே அளந்து ஊற்றினேன்.

இதற்கிடையில் நாற்காலி நகர ஆரம்பித்தது. மார்ச்சில் என் முழங்கையருகே இருந்தது, மே மாதம் ஃப்ரிட்ஜ் பக்கத்துக்குப் போயிருந்தது. ஜூலையில் கதவு நிலைக்குப் போயிற்று. ஆகஸ்டில் வராந்தாவில் இருந்தது. ஜன்னல் வழியாக அவள் தலை மட்டும் தெரிந்தது. ஏன் இப்படித் தள்ளித் தள்ளிப் போகிறாள் என்று கேட்டதற்கு, அங்கேதான் காற்று வருகிறது என்றாள்.

அந்த நாட்களில் என் ஃபெரியிலும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் நரெல் மேல்தளத்தில் என் பக்கத்திலேயே இருப்பாள். இப்போது கண்ணை மூடினால் அவள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் போகப் போக அவள் சின்னதாகிக்கொண்டே இருந்தாள். ஆடுகள் எல்லாம் என்னைப் பார்த்தன. எனக்கு அந்தப் பயணம் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது டீ மட்டும்தானா என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அவள் இல்லாத பகல் எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு நெவில் வேலிக்கு மேலே மூக்கை நீட்டினான்.

"யோவ் மெர்வ், பூசணி சூப் வாசனை தூக்குது. நரெல் ஸ்கூலுக்கில்ல போயிருக்கா?"

என் திட்டத்தை ரகசியமாக அவனிடம் சொன்னேன். இது எல்லாமே நாடகம், நான் ஒன்றுக்கும் உதவாதவனாக நடிக்கிறேன், அவள் சீக்கிரமே படிப்பை விட்டுவிடுவாள் என்றேன்.

"நாடகம் போடறவன் எதுக்குய்யா சூப்புல ஜாதிக்காய் துருவுற?"

"பாத்திரத்தோட ஒன்றி நடிக்கணும் நெவில்."

"எந்தப் பாத்திரம்? அடுப்புல இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. நவம்பரில் நரெல்லுக்குக் கடைசித் தேர்வு. கல்லூரியிலிருந்து மிஸஸ் பென்ஹாலிகன் என்ற அம்மாள் வந்து, வகுப்பில் அவள் வேலை செய்வதைப் பார்த்து, நூறு மணி நேரக் குறிப்பேட்டைப் புரட்டி, தேறினாளா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அன்று காலை சரியாகப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, என் மனைவியை உடனே அனுப்புங்கள் என்று அழுவதாக ஏற்பாடு. அழுகையை ஊஞ்சலில் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன்.

அந்த நாள் வந்தது. ஜக்கராந்தா பூ உதிர்ந்து முற்றமெல்லாம் ஊதா நிறம். நரெல் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தேன். காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் அந்த அம்மாளும் கூட வந்தாலும் வருவாள், சும்மா அனுப்பக் கூடாதே என்று டீயோடு தின்னும் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். பிசைந்த மாவை ஈரத் துணியால் மூடினேன். ஆட்டுக்கறி ஸ்ட்யூவை ஏற்றினேன். துணி உலர்த்தினேன். இடையில் இரண்டு முறை மேகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தபோது மூணு அடித்துவிட்டது. போன் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

மூணே முக்காலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நரெல் முகத்தைப் பார்த்ததுமே பாஸ் என்று தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. தோற்றுவிட்டேன் என்பதையே ஒரு நிமிஷம் மறந்து சிரித்தேன்.

மிஸஸ் பென்ஹாலிகன் ஸ்கோனைக் கடித்து, கண்ணை மூடி, இன்னொரு கடி கடித்தாள். பிறகு நரெல்லின் குறிப்புகள் இருந்த ஃபைலைத் திறந்தாள். பயிற்சியின் ஒரு பகுதியாக வீட்டில் யாராவது ஒருவருக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்துக் குறிப்பெழுத வேண்டுமாம். விதிப்படி பெயரும் எழுதக் கூடாது, வயதும் எழுதக் கூடாது, பெயரின் முதல் ஆங்கில எழுத்து மட்டும்தான்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன் நரெல். நாற்காலிய இவ்வளவு பொறுமையா நகர்த்தினவங்கள நான் பாத்ததில்ல. ‘மாணவர் எம். இனித் துணை தேவையில்லை.’ படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. யாரு, உங்க பேரனா? வயசு ஆறு இருக்குமா?"

"அம்பத்தொம்பது," என்றாள் நரெல். "உங்களுக்கு இன்னொரு ஸ்கோன் வேணுமான்னு தட்டோட நிக்கிறாரே, அவர்தான்."

தட்டு என் கையிலேயே இருந்தது. மானம் போகக் கூடாதே. நான் நெஞ்சை நிமிர்த்தி, இவள் நினைக்கிற மாதிரி இல்லை, எனக்கு எல்லாம் தெரியும், முதல் நாளிலிருந்தே நான் நடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன்.

மிஸஸ் பென்ஹாலிகன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்துக்குப் புரட்டினாள்.

"ஆமா, இங்க எழுதியிருக்கு. ‘முதல் நாள். எம் நடிக்கிறார். கண்டுகொள்ளவில்லை. நடித்தபடியே கற்றுக்கொண்டுவிடுவார்.’"